கடலோரத்து ராட்டினம்

கேள்வி: ஏர்வாடி சந்தனக்கூடு திருவிழாவில் சுற்றும் ராட்சத ராட்டினம் எந்த ஊர்க்காரர் செய்தது? பிள்ளைகளை ஏற்றலாமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: இரும்பில் இவ்வளவு பெரிதாக முதலில் எழுப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் ஃபெரிஸ், சகோதரி. ஈஃபிள் கோபுரத்தை மிஞ்ச வேண்டும் என்ற வேகத்தில், 1893 சிகாகோ கண்காட்சிக்காகக் கட்டினார். உயரம் 264 அடி. 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர்! ஆனால் ஆள் சுற்றும் மர ராட்டினம் அதைவிடப் பழையது. துருக்கியர் ஆண்ட பல்கேரியாவில் அதைப் பார்த்ததாக 1620-லேயே ஓர் ஆங்கிலப் பயணி எழுதிவைத்திருக்கிறார்.

நம் கடற்கரையில் ராட்டினம் பூட்டுவதை நின்று பார்த்திருக்கிறேன். மணலில் கால் புதையாமலிருக்க அடியில் கனத்த மரக்கட்டைகளைப் பரப்பினார்கள். ஆள் ஏற்றும்போதும் வரிசையாக ஏற்றவில்லை. ஒரு பெட்டி நிரம்பியதும் பாதி சுற்றவிட்டு எதிர்ப்பெட்டியை நிரப்பினார்கள். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் இன்ஜின் திணறும். அந்தக் கைத்திறமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிள்ளைகளைத் தாராளமாக ஏற்றுங்கள். ஆனால் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். பெட்டி தொங்கும் கம்பியில் துரு உரிந்து நின்றாலோ, கதவுக் கொக்கி சரியாக விழாவிட்டாலோ, எவ்வளவு அழுதாலும் ஏற்றாதீர்கள்.