கோடியக்கரை குதிரைங்களை போட்டோ எடுக்க: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

நான் போட்ட கோடியக்கரை குதிரை படங்களைப் பாத்துட்டு நம்ம வடசென்னை கேமரா பசங்க ஆளாளுக்கு கேள்வி கேட்டுக்கினே இருக்கீங்க. தனித்தனியா சொல்றத விட எல்லாத்தையும் ஒரே எடத்துல சொல்லிடறேன். லென்ஸ் பத்தி தான் நெறைய பேர் கேட்டிருக்கீங்க, ஆனா குதிரைய பத்தி கேட்டவங்களுக்கு தான் நீளமா பதில் எழுதியிருக்கேன், குதிரை புரிஞ்சா தான் படம் கெடைக்கும்.

கொருக்குப்பேட்டை: அண்ணா, தமிழ்நாட்டுல நெஜமாவே காட்டுல குதிரை இருக்கா? மெரினாவுல சவாரி விடறத தவிர நான் பாத்ததே இல்ல.

இருக்கு தம்பி. வேதாரண்யம் தாண்டி கடலுக்குள்ள மூக்கு நீட்டிக்கினு இருக்கற எடம் தான் கோடியக்கரை. 1967ல வெளிமானுக்காக சரணாலயம் ஆக்குனாங்க, 2002ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்லயும் வந்துச்சு. வறண்ட பசுமைமாறாக் காடு, புல்வெளி, சேத்து நிலம், உப்பளம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருக்கும். அங்க மேயறதுங்க கட்டையான மட்டக்குதிரைங்க. எப்பவோ மனுஷங்க வளத்த குதிரைங்களோட வம்சம் தான், ஆனா தலைமுறை தலைமுறையா காட்டுலயே பொறந்து காட்டுலயே சாவுது, லாடமும் இல்ல லாயமும் இல்ல. மனுஷன் பழக்காத இனம்னு சொல்றது மங்கோலியாவுல இருக்கற தாகி குதிரைய, அது 1960கள்ல காட்டுல சுத்தமா அழிஞ்சு போச்சு, மிருகக்காட்சி சாலைங்கள்ல மிஞ்சினத பெருக்கி 1992ல இருந்து திரும்ப கொண்டாந்து விட்டாங்க. அமெரிக்காவோட மஸ்டாங், நமீபியா பாலைவனத்துக் குதிரை எல்லாம் நம்ம கோடியக்கரை கதை தான், வீட்டுல இருந்து காட்டுக்குப் போனது.

பெரம்பூர்: எந்த மாசம் போலாம்? பைக்ல நாலு பேர் கெளம்பலாம்னு இருக்கோம்.

ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் தான் என் ஓட்டு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, பாதி எடம் தண்ணில இருக்கும், புயல் வந்தா வேற பேச்சே இல்ல, 2018 நவம்பர் 16ல கஜா கரை கடந்ததே அந்தப் பக்கம் தான், மானும் குதிரையும் நெறைய செத்துச்சு. ஜனவரிக்கு அப்பால தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வத்தும், அங்கங்க திட்டு திட்டா நிக்கும், அந்த தண்ணில குதிரை நிழல் விழும், பின்னாடி பூநாரை கூட்டம் இருந்தா உனக்கு அதிர்ஷ்டம். பைக்னா 300 கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும், ஓட்டிட்டு போன களைப்புல விடியக்காலைல எழுந்திரிக்க மாட்டீங்க, அதனால சொல்றேன், ட்ரெயின்லயோ பஸ்லயோ நாகப்பட்டினம் இல்லனா திருவாரூர் பக்கம் போய் எறங்கி வேதாரண்யத்துக்கு பஸ் புடிங்க. பஸ்ஸுக்கு கிளாம்பாக்கம் போவணும், நம்ம பெரம்பூர்ல இருந்து அதுவே பாதி பயணம், மதியமே கெளம்பிடுங்க. ராத்திரி வேதாரண்யத்துல தங்குனா காலைல கேட் தொறக்கறப்ப வாசல்ல நிக்கலாம். வனத்துறை செக்போஸ்ட்ல நுழைவு டிக்கெட், கேமரா கட்டணம், வழிகாட்டி எல்லாம் கேட்டு முடிச்சுட்டு உள்ள போங்க.

பழைய வண்ணாரப்பேட்டை: ப்ரோ இன்னா லென்ஸ்? என்கிட்ட 55-250 எம்எம் லென்ஸ் தான் இருக்கு. 150-600 வாங்கினா தான் ஆவுமா?

வாங்கவே வேணாம். க்ராப் பாடில, அதாவது சின்ன சென்சார் கேமராவுல, 250ன்றது 400 கிட்ட வந்துடும், குதிரை ஒண்ணும் சிட்டுக்குருவி இல்லயே. பெருசு வேணும்னா ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடு. அதவிட முக்கியம் ஆடாம புடிக்கறது, ஜீப் ஜன்னல்ல வச்சு எடுக்க ஒரு துணிப்பைல ஒரு கிலோ அரிசி போட்டு கட்டிக்கினு போ, லென்ஸ் அதுல அமுங்கி உக்காந்துக்கும், ட்ரைபாட விட வேகமா திருப்பலாம். மேயற குதிரைக்கு ஷட்டர் வேகம் 1/500 செகண்டு போதும், ஓடற குதிரைக்கு 1/1600க்கு கீழ எறங்காத, வெளிச்சம் பத்தலனா ஐஎஸ்ஓவ (சென்சார் வெளிச்சத்துக்கு காட்டற உணர்திறன்) ஏத்து, புள்ளி புள்ளியா வந்தா அப்பால சரி பண்ணிக்கலாம், ஆடிப்போன படத்த எந்த சாப்ட்வேரும் காப்பாத்தாது. போகஸ் எப்பவும் தொடர் மோடுல இருக்கட்டும், கேனன்னா ஏஐ செர்வோ, நிக்கான் சோனின்னா ஏஎஃப்-சி. கடக்காத்துல உப்பு இருக்கு, லென்ஸ் மேல படிஞ்சத துணியால தேய்க்கறதுக்கு முன்னாடி ப்ளோயரால ஊதிடு, இல்லனா கோடு விழும்.

திருவொற்றியூர்: அண்ணா, எவ்ளோ கிட்ட போலாம்? உதைக்குமா? பயமா இருக்கு.

அடிக்கணக்கு பாக்காதமா, காதப் பாரு. இது ஒண்ணு தான் இந்த மொத்த கேள்வி பதில்லயும் நீங்க எல்லாரும் மனசுல வச்சுக்க வேண்டியது.

நிம்மதியா மேயறப்போ குதிரைக்கு ரெண்டு காதும் தளர்ந்து பக்கவாட்டுல கெடக்கும். ஒரு காது மட்டும் உன் பக்கம் திரும்புச்சுன்னா உன்ன கவனிச்சுடுச்சு, அங்கயே நில்லு, ஒரு அடி கூட வைக்காத. தலைய தூக்கி, வாய்ல புல்லு தொங்க, மெல்லறத நிறுத்திட்டு ரெண்டு காதும் உன்னய நோக்கி நிமிந்துச்சுன்னா நீ அளவுக்கு மேல வந்துட்ட, மெதுவா பின்னாடி வா. அந்த நேரத்துல எடுத்த படம் பாக்க கம்பீரமா தெரியும், கேமராவயே உத்துப் பாக்குதேன்னு லைக் அள்ளும், ஆனா அது பயந்த குதிரையோட படம், அதோட காலைத் தீனிய நீ கெடுத்துட்டன்னு அர்த்தம். காது ரெண்டும் பின்னால போய் கழுத்தோட ஒட்டிக்கிச்சுன்னா கோவம், கடிக்கும், உதைக்கும், படம் வேணாம், வெலகு.

ஒளிஞ்சு ஒளிஞ்சு போறது குதிரைகிட்ட ஆவாது. கண்ணு தலையோட ரெண்டு பக்கமும் இருக்கறதால மூக்குக்கு நேர் முன்னாடி கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னாடி கொஞ்சம் தவிர கிட்டத்தட்ட சுத்தி வர எல்லாமே தெரியும். அதனால அது பாக்கற மாதிரியே, வழிகாட்டி காட்டற எடத்துல, பாதைய விட்டு எறங்காம உக்காரு. உக்காந்தா கேமராவும் குதிரை மார்பு உயரத்துக்கு வரும், படத்துல மண்ணுக்கு பதிலா அடிவானம் வரும். அரை மணி நேரம் அசையாம இருந்தா அதுங்க உன்ன மறந்துடும். அப்ப தான் நெஜமான படம் ஆரம்பிக்கும்.

ஒரு கூட்டம்னா ஒரு ஆண் குதிரை, சில பெட்டைங்க, குட்டிங்க. வாலிப ஆணுங்க தனி கும்பலா திரியும். வேற ஆண் கிட்ட வந்தா நம்ம ஆளு தலைய தரையோட தாழ்த்தி, காத மடக்கி, பெட்டைங்கள ஓரமா ஓட்டிக்கினு போகும், பாம்பு நெளியற மாதிரி கழுத்து ஆடும். அப்பால ரெண்டு ஆணும் லத்தி குவியல்கிட்ட வந்து மூக்கோட மூக்கு வைக்கும். அந்த நேரத்துல ஜூம கொறச்சு வை, அடுத்த செகண்டு முன்னங்கால தூக்கி நிக்கும்போது தலையும் காலும் ஃப்ரேம விட்டு வெளிய போயிடும். மேலுதட்ட மடிச்சு பல்ல காட்டுச்சுன்னா சிரிக்குதுன்னு கேப்ஷன் போடாதீங்க, பெட்டையோட மூத்திர வாசனைய உள்ள இழுத்து பாக்குது, இனப்பெருக்க காலம்னு அதுக்குத் தெரிய வேண்டியது அதுல இருக்கு.

குட்டி 11 மாசம் வயித்துல இருந்துட்டு பொறக்கும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல எழுந்து நின்னுடும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல மட்டும் எப்பவும் போயிடாதமா. தூரத்துல இருந்து பாத்தா போதும். வெயில் ஏற ஆரம்பிச்சதும் பெட்டை ஒரு பின்னங்கால லேசா மடக்கி நின்னுக்கினே தூங்கும், கீழுதடு தொங்கும், இமை முடில காஞ்ச சேறு ஒட்டியிருக்கும், கால் கிட்ட உண்ணிக்கொக்கு ஒண்ணு பூச்சி பொறுக்கும், குட்டி அம்மா வால் நிழல்ல மூஞ்ச வச்சுக்கினு ஈ ஓட்டும். ஓடற குதிரை படம் ஊரெல்லாம் இருக்கு, இத எடுங்க.

எண்ணூர்: தலைவா, நம்ம கழிமுகத்துல பறவை எடுக்கறப்பவே எனக்கு படம் ஒண்ணு வெளுத்துப் போவுது இல்ல கறுத்துப் போவுது. உப்பளத்துல இன்னா செட்டிங்?

கேமரா எதப் பாத்தாலும் நடுத்தர சாம்பலா ஆக்கப் பாக்கும், அதான் பிரச்சனை. வெள்ளையா மின்னற சேத்து நிலத்துல பழுப்புக் குதிரை நின்னா மொத்தத்தையும் இருட்டாக்கிடும், படத்தோட வெளிச்சத்த கூட்டிக் கொறைக்கற எக்ஸ்போஷர் காம்பென்சேஷன ப்ளஸ் 1 கிட்ட வை. வெளுத்த குதிரை கருங்காட்டுக்கு முன்னாடி நின்னா நேர்மாறு, மைனஸ் 0.7 வை, இல்லனா முதுகு மேல முடியே தெரியாம வெந்து போயிடும். அப்பால திருத்த வசதியா ரா ஃபைல்ல எடு. ஆனா ஒன்பது மணிக்கு மேல கானல் எழும்பிடும், குதிரை கால் நாலும் தண்ணில கரையற மாதிரி ஆடும், அதுக்கு எந்த விலை லென்ஸும் மருந்து இல்ல. அப்ப கேமராவ பைல போட்டுட்டு டீ குடிக்கப் போங்க, சாயங்காலம் நாலுக்கு மேல வாங்க.

காசிமேடு: போறதுக்கு முன்னாடி இங்கயே எங்கயாவது பழகிக்கலாமா?

தாராளமா. உங்க ஹார்பர்ல விடியக்காலைல படகு வர்றப்போ மேல சுத்தற பருந்த கேமராவுல புடிச்சு பழகு, அது வந்துட்டா குதிரைய புடிக்கறது கஷ்டமா இருக்காது. மெரினாவுல சவாரிக் குதிரைங்க ஓய்வா நிக்கறப்போ, குதிரைக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, கேமரா இல்லாம ஒரு மணி நேரம் காத மட்டும் பாரு.

வியாசர்பாடி: ட்ரோன் எடுத்துனு போலாமா? கேரட் கொடுத்தா கிட்ட வருமா?

ரெண்டும் கூடாது. சரணாலயத்துல அனுமதி இல்லாம ட்ரோன் பறக்க விட்டா கேஸ் ஆவும். அந்த சத்தத்துக்கு குதிரை மட்டும் இல்ல, மானும் பூநாரையும் தெறிச்சு ஓடும். தின்ன கொடுத்து பழக்குனா அது ரோட்டுக்கு வரும், வண்டில அடிபடும், கண்டதையும் தின்னு வயித்துவலி வந்தா குதிரைக்கு உயிரே போவும், அதால வாந்தி கூட எடுக்க முடியாது.

புளியந்தோப்பு: குதிரைங்க வெளிமானோட புல்ல தின்னு தீக்குது, அதுங்கள வெளியேத்தணும்னு சொல்றாங்களே. அதுங்கள அழகா எடுத்துப் போடறது சரியா?

நல்ல கேள்வி. புல்லு விஷயம் உண்மை தான். ரெண்டும் ஒரே புல்வெளிய நம்பி இருக்கு, குதிரை பெருசு, நாள் பூரா மேயும். அதோட சீமைக்கருவேல நெத்த தின்னுட்டு லத்தில வெதைய போட்டுக்கினே போகும், அந்த முள்ளு பரவ பரவ புல்வெளி இன்னும் சுருங்கும். வெளிமானுக்கு தமிழ்நாட்டுல இந்த மாதிரி எடம் ரொம்ப கம்மி, அதனால எண்ணிக்கைய கட்டுப்படுத்தணும்னு வனத்துறையும் ஆராய்ச்சி பண்றவங்களும் சொன்னா நான் அவங்க பக்கம் தான். ஆனா அத குதிரைக்கு வலிக்காம பண்ணணும், புடிச்சு நல்லா பாத்துக்கற எடத்துக்கு அனுப்பறதோ கருத்தடையோ. மொதல்ல சீமைக்கருவேலத்த வேரோட எடுக்கணும், அதக் கொண்டாந்து வச்சதும் மனுஷன் தான், குதிரைய விட்டுட்டுப் போனதும் மனுஷன் தான். படம் போடறப்போ இந்த சங்கதியயும் சேத்து எழுதுங்க, மானும் குதிரையும் ஒரே ஃப்ரேம்ல வந்தா கண்டிப்பா எடுங்க, அந்த எடத்தோட கதையே அதுல இருக்கு.

மாதவரம்: கோடியக்கரை பாத்தாச்சு, அடுத்து எங்க?

அசாம்ல திப்ரு-சைகோவா. பிரம்மபுத்திராவும் லோஹித்தும் சேர்ற பக்கம், தின்சுகியா வரைக்கும் போய் குய்ஜான் படித்துறைல படகு புடிக்கணும். ரெண்டாம் உலகப்போர் காலத்து ராணுவக் குதிரைங்களோட வழின்னு சொல்வாங்க. ஆத்து நடுவுல சப்போரின்னு மணல் திட்டுங்க இருக்கும், ஆளுயரப் புல்லு, தூரத்துல நாலஞ்சு முதுகு தெரிஞ்சா பெருசு, கோடியக்கரை மாதிரி உக்காந்த எடத்துல கெடைக்காது. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் தான் போவ முடியும். 2020 மே மாசம் பக்கத்துல பாக்ஜான்ல எரிவாயு கிணறு வெடிச்சு மாசக்கணக்குல எரிஞ்சுது, அந்த ஈரநிலம் பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல. அசாம் தூரம்னா குஜராத்ல கட்ச் சின்ன ரண்ன்ற உப்புச் சமவெளில காட்டுக்கழுதை இருக்கு, அது பழக்கவே படாத இனம், ஜீப்ல போய் பாக்கலாம்.

மூலக்கொத்தளம்: என்கிட்ட மொபைல் தான் இருக்குணா. நானும் வரலாமா?

வா தம்பி. ஜூம் மட்டும் பண்ணாத, ரெண்டு விரல வச்சு இழுத்தா படம் பிஞ்சிடும். குதிரைய சின்னதாவே விடு, மேல முக்கால் ஃப்ரேம் வானம், கீழ தண்ணி, நடுவுல வரிசையா நடந்து போற அஞ்சு குதிரை, அத எங்க 600 லென்ஸால எடுக்கவே முடியாது. திரைல குதிரை மேல விரல அமுக்கிப் புடிச்சு போகஸ லாக் பண்ணிட்டு வெளிச்சத்த கொஞ்சம் கீழ எறக்கு. பவர் பேங்க், ரெண்டு பாட்டில் தண்ணி, முழுக்கை சட்டை, சேறு ஆனாலும் பரவால்லன்ற செருப்பு, இதெல்லாம் எடுத்துக்கினு ஜனவரில சேந்துக்கோ.