செங்கல் வளைவுப் பாலத்தை நீட்டி அகலப்படுத்தலாமா?

கேள்வி: எங்கள் ஊர் வாய்க்காலின் மேல் ஆங்கிலேயர் காலத்துச் செங்கல் பாலம் இருக்கிறது. இரண்டு கண்கள் (தண்ணீர் போகும் வளைவுத் திறப்புகள்). பஸ் வந்தால் எதிரே சைக்கிள்கூடப் போக முடியாது. மேலே கான்கிரீட் தளம் போட்டு, இருபுறமும் வெளியே நீட்டிவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். செய்யலாமா?
– ஊராட்சி உறுப்பினர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: வேண்டாம். நீட்டிய பகுதி நடைபாதை மட்டும் என்றால் யோசிக்கலாம். லாரிச் சக்கரம் அதில் ஏறக் கூடாது. ஏறினால் பாரம் பக்கச் சுவரில் விழும். உள்ளே நிரப்பிய மண் சரியாமல் தடுக்கக் கட்டிய சுவர் அது, வண்டியைச் சுமக்காது. வெளியே பிதுங்கி, வளைவின் ஓரத்தில் நீளவாக்கில் விரிசல் விடும்.

மேட்டூர் அணை திறப்பதற்கு முன், வாய்க்கால் காய்ந்திருக்கும்போதே பொறியாளரை அழைத்துக்கொண்டு அடியில் இறங்குங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல கட்டு கணீரென்று ஒலிக்கும். பொத்தென்று கேட்டால் செங்கல் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. குறுக்கே ஓடும் விரிசல் இருந்தால் கரைச்சுவரோ நடுத்தூணோ நகர்ந்திருக்கலாம். அப்போது அடித்தளத்து மண்ணரிப்பைச் சரிசெய்யாமல் மேலே கைவைக்கவே கூடாது.

வலுப்படுத்துவது என்றதும் எல்லோருக்கும் கான்கிரீட்தான் நினைவுக்கு வருகிறது. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். சாலையில் தேங்கும் மழைநீர் உள்ளே இறங்கிச் சுண்ணாம்புக் காரையைக் கரைக்கிறது. வளைவின் அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதன் அடையாளம். மூட்டுகளைச் சுண்ணாம்புக் காரையாலேயே அடைக்கச் சொல்லுங்கள். விறைப்பான சிமெண்ட், பழைய செங்கலின் முகத்தை உரித்துவிடும்.

அதன் பிறகும் வலு போதாது என்று கணக்கு காட்டினால், மண்ணை எடுத்துவிட்டு வளைவின் முதுகில் கம்பி கட்டிய கான்கிரீட் போர்வை போடலாம். ஆபத்து இந்த மண்ணெடுப்பில்தான். வளைவின் உச்சிக்கு இருபுறமும் சரிந்து இறங்கும் இரு தோள்களிலும், இரண்டு கண்களிலும் சமமாக, படிப்படியாக எடுக்க வேண்டும். ஒரு தோளை மட்டும் பொக்லைன் வெட்டினால் மறு தோளின் பாரம் வளைவையே புரட்டிவிடும்.

அகலம் வேண்டுமென்றால், பக்கத்திலேயே தனி அடித்தளத்தில் புதுப் பாலம் கட்டுங்கள். கண்கள் பழைய கண்களுக்கு நேராக இருக்கட்டும். இரண்டையும் கம்பியால் பிணைக்காமல் இடைவெளி விடுங்கள்: பழையது அமிழ வேண்டிய அளவு எப்போதோ அமிழ்ந்துவிட்டது, புதியது இனிமேல்தான் அமிழும். புது அடித்தளத்துக்கு, பழையதன் காலடிக்குக் கீழே தோண்ட நேர்ந்தால் தகுந்த முட்டுக் கொடுத்துத்தான் தோண்ட வேண்டும். நீர்வளத் துறை அனுமதியையும் இப்போதே கேளுங்கள். வாய்க்காலில் வேலை செய்யக் கிடைப்பவை தண்ணீர் இல்லாத மாதங்கள் மட்டுமே.