‘விபத்து கேஸ் பார்க்கப்படாது’ என்று போர்டு வைக்கலாமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் 18 படுக்கைகள் உள்ள மருத்துவமனை நடத்துகிறேன். நான் எலும்பு முறிவு மருத்துவர், மனைவி மயக்க மருத்துவர். சில மாதங்களுக்கு முன் பைக் விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவரை மதுரைக்கு அனுப்பினோம். வழியிலேயே இறந்துவிட்டார். அவர் குடும்பத்தார் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். இப்போது இன்டெம்னிட்டி பாலிசியை (சிகிச்சையில் தவறு என்று நஷ்டஈடு கேட்டால் கைகொடுக்கும் காப்பீடு) புதுப்பிக்கப் போனால் பிரீமியம் ஏறியிருக்கிறது. “அவசர சிகிச்சை செய்வதில்லை என்று எழுதிக் கொடுங்கள், குறைத்து வாங்கித் தருகிறேன்” என்கிறார் ஏஜென்ட். வாசலில் ‘விபத்து கேஸ்கள் பார்க்கப்படாது’ என்று போர்டு வைத்துவிடலாமா?
– ஒரு டாக்டர், சிவகங்கை மாவட்டம்

பதில்: வேண்டாம், டாக்டர். ஏற்கெனவே வைத்திருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். நாளை உங்கள் மேல் கேஸ் போடுகிறவருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. செல்போனில் ஒரு படம் எடுத்தால் போதும், நீங்கள் மறுத்ததைத் தனியாக நிரூபிக்கும் வேலையே அவருக்கு இருக்காது.

அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்ற சட்டம் பிறந்த கதையே உங்கள் போர்டு மாதிரி ஒரு பதிலிலிருந்துதான் தொடங்குகிறது. ஸ்கூட்டரில் போனவரைக் கார் மோதியது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால், “போலீஸ் கேஸெல்லாம் இங்கே பார்ப்பதில்லை, 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போங்கள்” என்றார்கள். போகிற வழியில் உயிர் போய்விட்டது. அந்தப் பத்திரிகைச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கடாரா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 1989-ல் தீர்ப்பு வந்தது: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பது கடமை, எந்த நடைமுறையும் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது. அங்கே 20 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து மதுரை அதைப் போல நான்கு மடங்கு.

சாலை விபத்து என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். எந்தச் சம்பிரதாயத்துக்கும் காத்திராமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று டாக்டரையே குறிப்பிட்டுச் சொல்கிற பிரிவு அது. மீறினால் தண்டனை 187-ஆம் பிரிவில் இருக்கிறது. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு குத்திக் குடல் சரிந்து ஒருவரைத் தூக்கி வந்தால் மோட்டார் வாகனச் சட்டம் வராது. 1989 தீர்ப்பு வரும். ஆகவே போர்டில் ‘விபத்து’ என்ற சொல்லை மாற்றி எழுதியும் பயனில்லை.

பணம் கட்டவில்லை என்ற காரணமும் நிற்காது. கொல்கத்தாவில் பஸ் மோதிய ஒரு மாணவருக்குச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, 15,000 ரூபாய் கட்டவில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2005-ல் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது.

சரி, அதற்காக உங்கள் 18 படுக்கையில் மூளை அறுவை சிகிச்சை செய்யச் சட்டம் சொல்லவில்லை. உங்களிடம் இருப்பதை வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்: மூச்சுப் பாதை, ரத்தப்போக்கு, டிரிப், எலும்புக்குக் கட்டு. பிறகு எங்கே வசதி இருக்கிறதோ அங்கே போன் செய்து சொல்லிவிட்டு 108-இல் அனுப்புங்கள். முறையாக அனுப்புவதும் சிகிச்சைதான். இதில் டாக்டர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் காகிதத்தில்.

நான் ஒருமுறை எதிர்ப்பக்கம், இறந்தவரின் குடும்பத்துக்காக ஆஜரானேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். ரெஃபர் லெட்டர் என்று அவர்கள் கொடுத்தது மருந்துச் சீட்டில் ஒற்றை வரி: ‘மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது’. மணி இல்லை, பி.பி. இல்லை, நினைவு இருந்ததா என்பது இல்லை, யாரிடம் பேசினார் என்பதும் இல்லை. ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேடு) என்ட்ரியே இல்லை. உண்மையில் அந்த டாக்டர் காயத்துக்குத் தையல் போட்டு, டிரிப்பும் ஏற்றித்தான் அனுப்பியிருந்தார். குறுக்கு விசாரணையில் பாதியிலேயே எனக்கு அது புரிந்துவிட்டது. ஆனால் காகிதத்தில் இல்லாததை ஆணையம் எப்படி நம்பும்? கேஸ் எங்களுக்கு ஜெயித்தது. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது மனசு அவ்வளவு நன்றாக இல்லை.

இப்போது உங்கள் ஏஜென்ட் விஷயம். அவர் கமிஷனுக்குப் பேசுகிறார், நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். ‘அவசர சிகிச்சை செய்வதில்லை’ என்று புரொபோசல் ஃபாரத்தில் (பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம்) எழுதிக் கொடுத்துவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரை உள்ளே எடுத்தீர்கள் என்றால் (எடுத்தே ஆக வேண்டும் என்று மேலே பார்த்தோம்), அந்த கேஸில் கம்பெனி முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஃபாரத்தைத்தான். தவறான தகவல் தந்தார் என்று கைகழுவிவிடும். பிரீமியத்தில் மிச்சம் பிடித்த தொகைக்கு மொத்தப் பாதுகாப்பையும் விற்ற மாதிரி ஆகிவிடும்.

குறைக்க வேறு வழி இருக்கிறது. மருத்துவமனைக்கு ஒரு பாலிசி, உங்களுக்கு ஒன்று, உங்கள் மனைவிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறதா, எது எதைத் தாங்குகிறது என்று பாருங்கள். வெளியிலிருந்து வரும் சர்ஜனின் பாலிசி நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். அவர் தவறுக்கும் உங்கள் மருத்துவமனைதான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம், தொகையை எவ்வளவு வைப்பது என்பது. தவறான சிகிச்சையால் 1998-ல் இறந்த ஒரு பெண்ணுக்காக 2013-ல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடியும் வட்டியும் கொடுக்கச் சொன்ன பிறகு, பல டாக்டர்கள் பயந்துபோய்க் கோடிக்கணக்கில் பாலிசி எடுக்கிறார்கள். அந்தத் தம்பதி அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள், அங்கத்திய வருமானத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. கல்லல் பக்கத்து விவசாயிக்கு அந்தக் கணக்கு வராது. ஒரு உயிருக்கும் இன்னொரு உயிருக்கும் இப்படி விலை வித்தியாசப்படுவது எனக்குப் பிடித்தமானதல்ல, ஆனால் பாலிசி எடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டியது.

பிரீமியத்தால் விபத்து சிகிச்சையே நின்றுபோவது கற்பனை இல்லை. அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் 2002 ஜூலையில் எலும்பு மருத்துவர்கள் பிரீமியம் தாங்காமல் விலகிக்கொள்ள, அங்கிருந்த பெரிய விபத்து சிகிச்சை மையம் 10 நாள் மூடிக் கிடந்தது. டாக்டர்களைத் தற்காலிக அரசு ஊழியர்களாக்கி, அவர்கள் பொறுப்பை 50,000 டாலரோடு நிறுத்திய பிறகுதான் கதவு திறந்தது. நம் நாட்டில் இப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. சின்ன ஊர் டாக்டர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது. அதுவரை கதவை மூடும் உரிமை உங்களுக்கு இல்லை.

உங்கள் கடிதத்தில் சொல்லாத இன்னொரு கவலை பில் தொகை என்று நினைக்கிறேன். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது, தனியார் மருத்துவமனைகளும் சேரலாம். 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் சாலை விபத்துக்கு 7 நாள், 1.5 லட்சம் வரை உண்டு. இரண்டிலும் உங்கள் மருத்துவமனை பட்டியலில் சேருமா என்று விசாரியுங்கள்.

கடைசியாக அந்த நோட்டீஸ். இன்டெம்னிட்டி பாலிசி பொதுவாக, உரிமை கோரல் வரும் நாளில் உயிரோடு இருக்க வேண்டும். சம்பவ நாளில் இருந்தால் மட்டும் போதாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அவர்களுக்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது, அதனால் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் புதுப்பியுங்கள். நோட்டீஸ் வந்ததைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டீர்களா? இல்லையென்றால் நாளைக் காலை முதல் வேலை அதுதான். புதுப்பிக்கும் ஃபாரத்திலும் அதை மறைக்காதீர்கள். கம்பெனியைக் கேட்காமல் நீங்களாகப் பதில் எழுதுவதோ, ஊர்ப் பெரியவர்களை வைத்துத் தொகை பேசி முடிப்பதோ கூடாது.

என்னைப் பார்க்க வரும்போது நோட்டீஸை உறையோடு கொண்டுவாருங்கள், போன வருடப் பாலிசி, ஏ.ஆர். நகல், கேஸ் ஷீட். கேஸ் ஷீட்டில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் விட்டுப்போனபடியே இருக்கட்டும். இப்போது அதில் ஒரு எழுத்துகூடச் சேர்க்காதீர்கள். புது மை எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் அசலைக் கேட்பார், நானும் அப்படித்தான் கேட்பேன்.