உளப்பகுப்பாய்வு சிகிச்சை: கேட்டீர்கள், சொல்கிறேன்

சென்னையில் உளப்பகுப்பாய்வு வழியில், அதாவது வியன்னாவில் ஃபிராய்ட் தொடங்கிய, மனதில் நமக்கே தெரியாமல் கிடப்பதைப் பேசிப் பார்க்கும் வழியில், சிகிச்சை தரும் உளவியலாளர் நான். டாக்டர் இல்லை, மாத்திரை எழுதித் தர மாட்டேன். சரி, கேளுங்கள்.

சேலம் பையன்: வேலை, சம்பளம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது மேடம். ஆனால் யாரோடு நெருங்கினாலும் கொஞ்ச நாளில் நானே சண்டை போட்டுக் கெடுத்துக்கொள்கிறேன். இதற்கெல்லாம் சிகிச்சைக்குப் போவார்களா?

இதற்குத்தான் போவார்கள். காரணம் தெரியாமல் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப நடந்தால், அதைப் பார்க்கத் தோதான வழி இது. வாரம் ஒரு முறையோ இரு முறையோ, அதே நாள், அதே நேரம், பெரும்பாலும் 50 நிமிடம். தலைப்பு எதுவும் கொடுக்க மாட்டார்கள், வாயில் வருவதைச் சொல்ல வேண்டும், அற்பமாக இருந்தாலும் வெட்கமாக இருந்தாலும். சோபாவில் படுத்துக்கொண்டு வாரம் நாலைந்து நாள் செய்வது முழு உளப்பகுப்பாய்வு, உங்களுக்கு எடுத்தவுடன் அது தேவைப்படாது.

இன்னொன்று. வெளியே நீங்கள் செய்வதை அந்த அறையிலும் செய்வீர்கள். சில மாதத்தில் 'இவருக்கு என்மேல் அக்கறையே இல்லை' என்று தோன்றும், சண்டை வரும், நின்றுவிடலாம் என்றிருக்கும். டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று சொல்வது இதைத்தான். யாரிடமோ பட்ட பழைய கோபமும் ஏக்கமும் எதிரே இருப்பவர்மேல் இறங்குகிறது. இந்த முறை மட்டும் எதிரே இருப்பவர் திருப்பிச் சண்டைக்கு வராமல், ஓடியும் போகாமல், என்ன நடந்தது என்று உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார். ஆகவே நிற்கத் தோன்றும் அன்று நிற்காதீர்கள், போய் அதையே சொல்லுங்கள்.

இல்லத்தரசி, மதுரை: எத்தனை சிட்டிங்கில் குணமாகும் டாக்டர்?

டாக்டர் இல்லை. எண் சொல்ல முடியாது, மாதங்களில் பேசுங்கள், சிலருக்கு வருடங்கள். லண்டனில் டேவிஸ்டாக் என்ற மனநல நிலையத்தில் வேறு சிகிச்சைகளுக்கு அசையாத மனச்சோர்வு உள்ள 129 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், இன்னொன்றுக்கு அதோடு 18 மாதம் வாராவாரம் இந்தச் சிகிச்சையும். முடிந்த சமயத்தில் முழுதாகத் தேறியவர்கள் இரண்டு பிரிவிலும் சொற்பம். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, பெரும் மனச்சோர்வு என்று சொல்லும் நிலையிலிருந்து வெளியே வந்திருந்தவர்கள் இந்தப் பிரிவில் 44%, மற்றதில் 10%. மெதுவாக வேலை செய்கிறது, நின்ற பிறகும் செய்கிறது. அதே சமயம் பாதிக்கு மேல் வெளியே வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஐடி ஊழியர்: என் தெரபிஸ்ட் பேசவே மாட்டேன் என்கிறார். காசு கொடுத்து நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதை எனக்கு எழுதாதீர்கள், அவரிடம் சொல்லுங்கள். பதிலே வரவில்லை என்றால் அப்போது ஆள் மாற்றலாம்.

பகுத்தறிவாளன்: ஃபிராய்ட் எல்லாம் காலாவதி. சிறு வயதில் அம்மா அப்பாவோடு நடந்ததுதான் எல்லாம் என்ற கதை வியன்னாவுக்குச் சரி, நம் கூட்டுக் குடும்பத்துக்கு எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி, ஆனால் நூறு வருடம் பிந்தி வந்திருக்கிறீர்கள். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கிவிட்டார். ஃபிராய்டை நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் கடிதம்தான். அதில் கைகட்டி நிற்கவும் இல்லை. காயடிப்பு அச்சம், அதாவது ஆண்குறியை இழந்துவிடுவோமோ என்ற சிறுவயது பயம், என் இந்திய ஆண் நோயாளிகளிடம் அவ்வளவு பெரிதாக இல்லை, பெண்ணாக இருக்கும் ஆசைதான் எளிதில் வெளிவருகிறது என்று ஃபிராய்டுக்கு எழுதினார். ஃபிராய்ட் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் 1931இல் அவருடைய 75ஆவது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து போன தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

பகுத்தறிவாளன்: அப்படியென்றால் போஸ் என் கட்சி.

பாதிதான். அவர் ஃபிராய்ட் சொன்னதைத்தான் கேள்வி கேட்டார், உட்கார்ந்து கேட்கும் முறையை விடவில்லை.

தஞ்சை அக்கா: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் என்னை வளர்த்தது அத்தை. அம்மா கதை எனக்கு எதற்கு?

அக்கா, அத்தை கதையைச் சொல்லுங்கள். யார் தூக்கினார்கள், யார் இறக்கிவிட்டார்கள் என்பதுதான் முக்கியம். பகுத்தறிவாளனோடு நாள் முழுக்க வாதாடலாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

திருச்சி: எத்தனை சிட்டிங் ஆகும்?

மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

புதுச்சேரி மாணவி: போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். இந்த வழியில் பயின்றவர் என்றால் கூடவே இரண்டு கேள்வி: நீங்கள் சொந்தமாகச் சிகிச்சைக்குப் போயிருக்கிறீர்களா, உங்கள் வேலையை மேற்பார்வை பார்ப்பவர் உண்டா? கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். சிகிச்சை நடக்கும்போது அவரிடமிருந்து நட்பு, தொழில், காதல் என்று எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பெயர் வேண்டாம்: ராத்திரியில் செத்துவிடலாம் போலிருக்கிறது. இந்தச் சிகிச்சை உதவுமா?

முதலில் இன்றைய இரவு. 14416க்கு இப்போதே கூப்பிடுங்கள், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள், தனியாகப் படுக்காதீர்கள். முடிந்தால் இன்றே, இல்லாவிட்டால் காலையில், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். நிலைமை மோசமானால் காலைவரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆழமாகப் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு, அதுவும் உதவலாம். போன் செய்துவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

ஈரோடு: டாக்டர், தெரபி ஆரம்பித்துவிட்டேன், மாத்திரையை நிறுத்தலாமா?

டாக்டர் இல்லை. எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.