வேலையை விட்டுவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 35. பி.காம். படித்தவள். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஊர் மார்த்தாண்டம் பக்கம். அம்மா வீடு கேரளத்துப் பாறசாலையில் என்பதால் பத்தாம் வகுப்பு வரை அங்கே தங்கி மலையாள வழியில் படித்தேன். 12 வருடமாகத் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 29,000 ரூபாய். தினமும் குழித்துறையிலிருந்து ரயில். கணக்கு முடிக்கும் மாதங்களில் வீடு வந்து சேர ராத்திரி ஒன்பதரை ஆகிவிடுகிறது, அதற்குள் இரண்டு பிள்ளைகளும் தூங்கிவிடுகிறார்கள். கணவர் மஸ்கட்டில். "வேலையை விடு, பிஎஃப் பணத்தை எடு, நாகர்கோவிலில் கோச்சிங் சேர்ந்து குரூப் 4 எழுது" என்கிறார் மாமியார். எட்டு லட்சம் கொடுத்தால் வேலை வாங்கித் தர ஆள் இருப்பதாக உறவினர் ஒருவரும் சொல்கிறார். இந்த வயதில் இது சரிவருமா? என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, விளவங்கோடு வட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

எட்டு லட்சத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். குரூப் 4-க்கும், பட்டதாரிகள் எழுதும் குரூப் 2ஏ-வுக்கும் நேர்காணலே கிடையாது. எழுதிய மதிப்பெண், இட ஒதுக்கீடு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, இவ்வளவுதான். இதற்குள் யாரும் யாருக்கும் வேலை வாங்கித் தர வழியில்லை. பணம் போய்விட்டால் போலீஸில் புகார் கொடுக்கவும் கூசிப்போய், உறவும் முறிந்து, கணவர் வெயிலில் உழைத்து அனுப்பிய காசுக்கு நீங்கள் வருடக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். அந்த உறவினர் நல்ல மனதோடேதான் சொல்லியிருப்பார் என்றாலும், வேண்டாம்.

அடுத்தது வயது. 35 என்றதும் எல்லாக் கதவும் அடைந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். மத்திய அரசுப் பணிகளிலும் வங்கித் தேர்வுகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். எழுத்தர் வேலைக்கு வங்கிகள் வைத்திருக்கும் வரம்பு 28, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று வருடம் கூடுதல். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் நிலைமை வேறு. உங்கள் வகுப்பினர் கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு 42 வயது வரை எழுதலாம். குரூப் 2ஏ-வில் வரும் பல பதவிகளுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. இளநிலை உதவியாளர் போன்ற மற்ற குரூப் 4 பதவிகளுக்கு, அறிவிக்கையில் வயதைப் பற்றிய குறிப்பை உங்கள் கல்வித் தகுதியோடு சேர்த்து வரிவரியாகப் படியுங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த பிற்படுத்தப்பட்டோருக்கு அங்கே சலுகை உண்டு. ஆகவே வயதை நினைத்துப் பதறி, உடனே வேலையை விட்டாக வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை.

நான் கவலைப்படுவது உங்கள் தமிழைப் பற்றித்தான். கடிதத்தில் மலையாள வழி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். மாமியாரும் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் பாதி, அதாவது 100 கேள்வி, தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம், 150-க்கு 60, வாங்கவில்லை என்றால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். 60 வாங்கினாலும் அது வாசலைத் தாண்டுவதற்கு மட்டும்தான். தமிழ் மதிப்பெண் தரவரிசையிலும் சேர்வதால், தமிழில் 90 கேள்விக்கு மேல் சரியாகப் போடுகிறவர்களோடு நீங்கள் மோத வேண்டும். 2025 ஜூலை 12-ல் நடந்த தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடும் உங்களுக்குக் கிடையாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்குத்தான் அது.

மனம் தளர்வதற்காக இதைச் சொல்லவில்லை. குரூப் 2, 2ஏ முதல்நிலைத் தேர்வில் மொழிப் பகுதிக்குப் பொதுத் தமிழ் அல்லது பொது ஆங்கிலம் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தமிழ் தகுதித் தாள் முதன்மைத் தேர்வில்தான் வரும். அதிலும் 40 சதவீதம் எடுத்தால் போதும், தரவரிசையில் அது சேராது. பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்தில் கணக்கு எழுதிய உங்களுக்கு இந்த வழி குரூப் 4-ஐ விடப் பொருந்தும் என்பது என் எண்ணம். கூட்டுறவு, உள்ளாட்சி நிதித் தணிக்கை என்று கணக்குத் தெரிந்தவரின் கை ஓடக்கூடிய துறைகளும் இந்தத் தேர்வுகளில் வருகின்றன. இடங்கள் குறைவு என்பது உண்மை. 2025-ல் இரண்டுக்கும் சேர்த்து அறிவித்தது 645 தான். அதனால் குரூப் 2ஏ-வைக் குறியாக வைத்துக்கொண்டு குரூப் 4-ஐயும் எழுதுங்கள்.

எந்த வழியில் போனாலும் தமிழைத் தள்ளிப்போட முடியாது. வேலை கிடைத்த பிறகும் குறிப்பு, கோப்பு, ஆணை எல்லாம் தமிழில்தான். நீங்கள் வீட்டில் பேசுவது தமிழ் என்பதால் பாதி வேலை முடிந்தது. மலையாளம் படித்ததும் ஒரு வகையில் கைகொடுக்கும். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண குழப்பத்தில் தமிழ் வழிப் பிள்ளைகளே தடுமாறுவார்கள், உங்கள் காதுக்கு அந்த வேறுபாடு பழகியிருக்கும். உங்களைக் கவிழ்க்கக்கூடியவை வேறு. வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்பது ஒன்று. எழுவாய்க்கு ஏற்ப வினைமுற்றை முடிப்பது இன்னொன்று. மலையாளத்தில் யார் வந்தாலும் 'வந்நு'தான், தமிழில் வந்தான், வந்தாள், வந்தன என்று மாறும். பேச்சில் இது தானாக வந்துவிடும், எழுதும்போது கை பழைய பழக்கத்துக்குப் போகும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள அரசுத் தமிழ்ப் பாடநூல்களை வரிசையாகப் படியுங்கள். காசு கொடுத்து வாங்கும் கைடுகளை எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூத்த பிள்ளை தமிழ் எழுதிப் பழகும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து தினம் ஒரு பக்கம் எழுதுங்கள். குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூர் வரை உட்கார இடம் கிடைக்கும் நாளெல்லாம் படிக்கும் நேரம்தான்.

இப்போது மாமியார் சொல்லும் கணக்கு. இளநிலை உதவியாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. அகவிலைப்படி அதில் பாதிக்கு மேல் வரும். எல்லாம் சேர்த்து 30,000 தாண்டும், பிடித்தம் போகக் கையில் வருவது இப்போது வாங்குவதைப் போலத்தான் இருக்கும். 37 வயதில் சேர்ந்தால் 60-ல் ஓய்வு பெறும்வரை 23 வருடம், ஆண்டு ஊதிய உயர்வு, மருத்துவக் காப்பீடு, விடுப்பு எல்லாம் உண்டு. அதற்காக ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஓய்வூதியம் மட்டும், 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் அந்தக் காலத்து வாத்தியார்களையும் தாசில்தார்களையும் பார்த்து ஊரில் பேசுவது. இப்போது சேர்பவருக்கு எந்தத் திட்டம் என்பதை நடப்பு அரசாணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்த பிஎஃப் பணத்தையும் தொடாதீர்கள். பன்னிரண்டு வருடமும் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிடித்தம் போயிருந்தால், பத்து வருடம் தாண்டியவர் என்ற முறையில் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேலையை விடும் நாள் வந்தால் பணிக்கொடையும் கேட்டு வாங்க வேண்டும், ஐந்து வருடம் முடித்த எல்லோருக்கும் அது சேர வேண்டிய பணம். கோச்சிங் கட்டணத்துக்காக இதையெல்லாம் கரைக்க வேண்டாம். நாகர்கோவில் கோணத்திலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் வழியாக இலவசப் பயிற்சி தருகிறார்கள். ஒருநாள் அரை நாள் விடுப்பு போட்டுப் போய், விடுமுறை நாளில் வகுப்போ மாதிரித் தேர்வோ உண்டா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

பணி நியமன ஆணை கையில் வரும்வரை இருக்கும் வேலையை விடாதீர்கள் என்பதே என் முடிவு. அறிவிக்கை, தேர்வு, முடிவு, கலந்தாய்வு என்று ஒரு சுற்று முடியவே ஒரு வருடம், அதற்கு மேலும்கூட ஆகிவிடலாம். அத்தனை மாதமும் சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து படித்தால், "இன்னும் ரிசல்ட் வரலியா?" என்ற ஒரு கேள்வியே உங்களை வாட்டி எடுத்துவிடும்.

கணவரிடம் ஒரு விஷயம் இப்போதே பேசுங்கள். தேர்ச்சி பெற்றாலும் குமரி மாவட்டத்திலேயே இடம் கிடைக்கும் என்பது உறுதியில்லை. ராமநாதபுரமோ கிருஷ்ணகிரியோ கிடைக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் என்றால் பணிபுரியும் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும். பிள்ளைகள் முழித்திருக்கும்போது வீட்டுக்கு வரவேண்டும் என்பதுதானே உங்கள் கடிதத்தின் உயிர். அதுதான் முதல் காரணம் என்றால், மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலோ நிறுவனத்திலோ கணக்கர் வேலை கிடைக்குமா என்று இப்போதே தேடுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ரயில் நேரம் மிச்சமாகும், பிள்ளைகளோடு சாப்பிடலாம், படிக்கவும் நேரம் வரும். தேர்வு கைகூடாமல் போனாலும் இந்த மாற்றம் உங்களுக்கு நன்மைதான்.

கடைசியாகச் சான்றிதழ் விஷயம். சாதிச் சான்றிதழ் கணவர் பெயரில் இருந்தால் செல்லாது, அப்பா பெயரில் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் அப்பா நம் மாவட்டத்துக்காரர்தான் என்றால் சிக்கல் இல்லை. பள்ளிச் சான்றிதழ் கேரளத்தில் வாங்கியது என்பதால் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கலாம், ஆதாரில் முன்னால் இருக்கும். இரண்டையும் எடுத்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ஆதாரில் திருத்த வேண்டியது இருந்தால் அறிவிக்கை வருவதற்கு முன்பே ஆதார் சேவை மையத்தில் மனு கொடுத்துவிடுங்கள்.