15 டாலர் சாமானுக்கு 65 டாலரா?

அன்புள்ள ஐயா,

பழைய வீடியோ கேம் இயந்திரங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நெடுநாள் ஆசைப்பட்டு ஒரு ரோபோட்ரான் 2084 வாங்கினேன். 1982இல் வில்லியம்ஸ் கம்பெனி வெளியிட்ட அசல் கேபினெட். ஆட்டம் நன்றாக ஓடுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டிலேயே மூன்று ஏ.ஏ. பேட்டரிகள் உட்கார்ந்திருக்கின்றன. அவை தீர்ந்தால் ஹை ஸ்கோர் எல்லாம் போய்விடுகிறது. பேட்டரியே தேவைப்படாமல் செய்யும் கிட் ஒன்றை, அதாவது போர்டில் பொருத்தும் மாற்றுப் பாகம் ஒன்றை, ஆர்வலர் ஒருவர் வீட்டில் செய்து விற்கிறார். விலை 65 டாலர், தபால் செலவு தனி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஒரு மெமரி சிப், இன்னொரு சின்ன சிப், நாலைந்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், இவற்றைப் பதிக்கும் அச்சுப் பலகையான ஒரு பிசிபி. எப்படிக் கூட்டினாலும் 15 டாலரைத் தாண்டவில்லை. நாலு மடங்குக்கு மேல் வைத்து விற்பதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது? பல ஆட்டங்களை ஒரே இயந்திரத்தில் ஓட்டும் கிட்டும் அவரிடம் இருக்கிறது. அதன் விலை இன்னும் பல மடங்கு. இவற்றைப் போட்டால் இயந்திரத்தின் மறுவிற்பனை மதிப்பாவது கூடுமா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கூட்டல் சரி. மொத்தமாக வாங்கினால் 15 டாலருக்கும் கீழேகூட வரும். அதில் எனக்கு வாதம் இல்லை. பாகங்களின் விலையை மட்டும் எண்ணினால் போதுமா என்பதுதான் என் கேள்வி.

இந்த மாதிரி கிட்டுகள் இன்று நேற்று வந்தவை இல்லை. 1981 வாக்கில் எம்.ஐ.டி. மாணவர்கள் சிலர் கல்லூரி வளாகத்தில் ஆட்ட இயந்திரங்களை வைத்துக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டாரி கம்பெனியின் மிசைல் கமாண்ட் ஆட்டமும் அவற்றில் உண்டு. ஆட்டம் புதிதாக இருக்கும்வரை உண்டியல் நிறையும். ஆடுகிறவர்களுக்குக் கை பழகிவிட்டால் ஒரே நாணயத்தில் வெகுநேரம் நின்று ஆடுவார்கள், வருமானம் படுத்துவிடும். அதற்கு மருந்தாக அவர்கள் செய்ததுதான் சூப்பர் மிசைல் அட்டாக். இருக்கிற இயந்திரத்தில் பொருத்தினால் போதும், ஆட்டம் புதிதாகவும் கடினமாகவும் ஆகிவிடும். ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்று பெயர் வைத்து, ஒரு கிட் 295 டாலர் என்று விற்றார்கள். அந்தக் காலத்து 295 டாலர்! வாங்கியவர்கள் உள்ளே இருந்த சிப்புகளின் விலையைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓர் ஆட்டம் 25 சென்ட். கூடுதலாக 1180 நாணயம் விழுந்தால் கிட்டின் விலை கைக்கு வந்துவிடும், அதற்குமேல் எல்லாம் லாபம். புது இயந்திரம் வாங்குவதானால் இதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

அட்டாரி சும்மா இருக்கவில்லை. 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. கடைசியில் சமாதானம் ஆகி, அந்தப் பையன்களையே தனக்கு ஆட்டம் எழுதித் தரச் சொன்னது. மூல நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் இனிக் கிட் விற்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அப்போது அவர்கள் கையில் பேக்-மேனுக்குச் செய்த இன்னொரு கிட் இருந்தது, கிரேஸி ஓட்டோ (Crazy Otto) என்று. அதை, பேக்-மேனை அமெரிக்காவில் விற்ற மிட்வே கம்பெனியிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். 1982 தொடக்கத்தில் அதுதான் மிஸ் பேக்-மேனாக வெளிவந்து ஒரு லட்சம் இயந்திரத்துக்கு மேல் விற்றது. அசல் மிஸ் பேக்-மேன் ஒன்றைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது பேக்-மேன் போர்டு. அதில் ஆட்டத்தை இயக்கும் சிப்பான இசட்80 பிராசஸர் இருந்த சாக்கெட்டிலிருந்து ஒரு ரிப்பன் கேபிள் கிளம்பி, துணைப் போர்டு ஒன்றுக்குப் போகும். சேகரிப்பாளர்கள் அசல், அசல் என்று தேடி வாங்குகிற இயந்திரத்தின் வயிற்றில் இருப்பதே ஒரு கிட்தான்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைக்குக் கிட்டின் மதிப்பை உண்டியல் சொல்லிவிட்டது. இன்றைக்கு உங்கள் வீட்டு ரோபோட்ரானில் யாரும் காசு போடப்போவதில்லை. அளக்க வேறு கோல் கையில் இல்லாததால் ரெசிஸ்டரை எண்ணுகிறோம்.

சரி, எண்ணுவதுதான் என்றால் முழுதாக எண்ணுவோம். உங்கள் இயந்திரத்தில் ஹை ஸ்கோரும் மற்ற அமைப்புகளும் சிமாஸ் என்ற, குறைந்த மின்சாரத்தில் நிற்கும் ஒரு சிறிய மெமரியில் இருக்கின்றன. மின்சாரம் நின்ற பிறகு அதைப் பிழைக்க வைப்பது அந்த மூன்று பேட்டரி. அதன் இடத்தில் எஃப்-ரேம் என்ற வகைச் சிப்பைப் போட்டால் மின்சாரமே இல்லாமல் நினைவு நிற்கும். கேட்கச் சுலபம். ஆனால் இந்த வேலைக்குப் பொருந்தும் 5 வோல்ட் எஃப்-ரேம் சிப்புகளுக்கு ஒரு குணம் உண்டு. சிப்பின் கால்களில் (பின்) சிப் எனேபிள் என்ற ஒன்றில் வோல்ட்டேஜ் மேலிருந்து கீழே இறங்கும் கணத்தில்தான் அவை முகவரியைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எழுதும்போதும் அந்தப் பின் ஏறி இறங்கியாக வேண்டும். அந்தக் காலத்து மெமரி சிப்பான ஸ்டாட்டிக் ரேமுக்குப் பொதுவாக இந்தப் பிடிவாதம் கிடையாது. பின்னைத் தாழ்வாகவே வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றினாலும் கேட்டதைக் கொடுத்துவிடும். நாற்பது வருடத்துக்கு முந்தைய போர்டை வடிவமைத்தவர்கள் பழைய ரேமை நம்பி வடிவமைத்தவர்கள். ஆகவே கிட் செய்கிறவர் அசல் போர்டில், சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பை மாட்டி, அந்த சிக்னல் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அது ஏறி இறங்காத போர்டாக இருந்தால், ஏற்றி இறக்குவதற்கான லாஜிக் சர்க்யூட்டைத் தானே சேர்க்க வேண்டும்.

அப்புறம் ஸ்விட்சை அணைக்கும் நேரம். 5 வோல்ட் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுவதில்லை, சரிந்து சரிந்துதான் இறங்கும். போதிய வோல்ட்டேஜ் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் 6809 பிராசஸர் என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கண்ட இடத்தில் கண்டதை எழுதிவிடலாம். அழியாத மெமரி அந்தக் குப்பையையும் அழியாமல் வைத்துக்கொள்ளும். நீங்கள் படத்தில் பார்த்த “இன்னொரு சின்ன சிப்” வோல்ட்டேஜைக் கண்காணித்து, குறைந்தவுடன் மெமரியைப் பூட்டுவதற்காக வைத்ததாக இருக்கலாம். அப்படியென்றால் அதன் விலை சில்லறைக் காசு. அது இல்லாத கிட் கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, திடீரென்று ஒருநாள் ஸ்கோர் பட்டியலைக் கலைத்து வைக்கும். விற்பவரிடம் கேட்பதானால் இதைக் கேளுங்கள்: மின்சாரம் போகும்போது எழுதுவதை எது தடுக்கிறது? நேராகப் பதில் சொல்கிறவர் என்றால் 65 டாலர் கொடுக்கலாம். மழுப்பினால் 15 டாலருக்குக்கூட வேண்டாம்.

இனி அவருடைய பக்கத்துக் கணக்கு. வடிவமைக்கவும் சோதிக்கவும் 100 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 50 கிட் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 2 மணி நேரம் விழுகிறது. முதலில் செய்த போர்டு தப்பாக வந்து தூக்கிப் போட்டிருப்பார். ஒவ்வொரு கிட்டையும் ஓடுகிற ரோபோட்ரானில் செருகிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு ரோபோட்ரான் போர்டை வாங்கி வைத்திருக்க வேண்டும். பணம் அனுப்பும் நிறுவனத்தின் கமிஷன், தபாலில் தொலைந்தது, மாற்றிக் கொடுத்தது, விற்காமல் அலமாரியில் கிடப்பது எல்லாம் மீதி 50 டாலரில்தான். எல்லாவற்றையும்விடப் பெரியது “கிட் வேலை செய்யவில்லை” என்று வரும் கடிதம். பெரும்பாலும் கிட் மேல் குற்றம் இருக்காது. பழைய சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கும், ரிப்பன் கேபிள் முனை கறுத்திருக்கும், அல்லது வாங்கியவரின் பவர் சப்ளை 5 வோல்ட்டுக்குப் பதில் 4.6 கொடுத்துக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க இருவரும் வாரக்கணக்கில் மாறி மாறி எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்துக்கு யார் பில் போடுவது? தைக்கக் கொடுத்தால் துணியைவிடத் தையற்கூலி அதிகம் ஆவதை நாம் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்கிறோம். சால்டரிங் இரும்பைப் பிடித்தவருக்கு மட்டும் துணி விலை போதும் என்கிறோம்.

இன்னும் சொன்னால், இந்தத் துறையில் விலை கூடுதல் என்பதைவிடக் குறைவு என்பதுதான் என் குறை. சாமான் செலவு வந்தால் போதும் என்று ஆசையில் விற்கிறவர் ஒன்றிரண்டு தொகுதியோடு சலித்துப் போகிறார். அதற்குள் 5 வோல்ட்டில் ஓடும் சிப் ஒன்றின் உற்பத்தி நின்றுவிடும். இன்றைய சிப்புகள் பெரும்பாலும் 3.3 வோல்ட், எனவே போர்டை மறுபடி வரைய வேண்டும். இனாமாகச் செய்கிற வேலைக்கு யார் மறுபடி வரைவார்கள்? கிட் நின்றுவிடும். அதன் பிறகு யாரோ ஒருவர் எடுத்து வைத்திருந்ததை மூன்று பங்கு விலைக்கு விற்பார். அந்தப் பணத்தில் செய்தவருக்கு ஒரு காசு போகாது.

விலையும் மதிப்பும் ஒன்றாக நடக்காது என்பதற்கு எதிர்ப் பக்கத்திலும் உதாரணம் உண்டு. கேப்காம் கம்பெனி 1993இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 ஆட்ட போர்டுகளில், பூட்டி வைத்த ஆட்ட நிரலைத் திறக்கும் மறையாக்கச் சாவி பேட்டரியை நம்பிய மெமரியில் இருந்தது. பேட்டரி செத்தால் சாவி போய்விடும், போர்டு வெறும் தகடு. அந்தச் சாவியைத் திரும்ப எழுதும் வழியை ஆர்வலர்கள் கண்டுபிடித்து 2016இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். மைக்ரோகன்ட்ரோலர் என்ற ஒரு மலிவான கணினிச் சிப்பும் சில வயர்களும் போதும். செத்த போர்டைப் பிழைக்க வைக்கும் வித்தைக்கு விலை பூஜ்யம். அதற்காக அடுத்தவரும் இனாமாகத்தான் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பல ஆட்டக் கிட் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. அங்கே விலையில் எவ்வளவு அவருடைய உழைப்புக்கு, எவ்வளவு அடுத்தவர் எழுதிய ஆட்டங்களுக்கு என்று பார்க்க வேண்டும். அசல் பிராசஸரையே வைத்துக்கொண்டு, மெமரியை மட்டும் மாற்றி ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் கிட்டுகளில் நல்ல வடிவமைப்பு இருக்கிறது. ஆட்டத்தின் நிரல் அடங்கிய ரோம் கோப்புகள் இல்லாமல் வெறும் போர்டை விற்கிறவர்களும் உண்டு, அவர்கள் கேட்பது தங்கள் வேலைக்கான கூலி. ஆனால் பழைய இயந்திரத்தைப் போலவே நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரை ஒரு கம்ப்யூட்டர் போர்டில் ஏற்றி, நூறு ஆட்டத்தைத் திணித்து, “என் தயாரிப்பு” என்று விலை போடுகிறவரை எப்படி ஆதரிப்பது? 1997இல் தொடங்கிய மேம் எமுலேட்டரின் உரிமம் 2016 வரை வணிகப் பயன்பாட்டையே அனுமதிக்கவில்லை. அப்போதும் அதைப் போட்டு விற்றவர்கள் இருந்தார்கள். உரிமம் தளர்ந்தாலும் அந்த ஆட்டங்கள் விற்கிறவருக்குச் சொந்தமாகிவிடாது. நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

மறுவிற்பனை மதிப்பு கூடுமா என்றால், கூடாது. 65 டாலர் போட்டேன், 65 டாலர் கூட்டிக் கொடு என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள். வாங்க வருகிறவர் பார்ப்பது கேபினெட், மானிட்டர், அசல் போர்டு. அந்தப் போர்டு கெடாமல் இருப்பதற்குத்தான் இந்தக் கிட். பேட்டரி ஒழுகினால் வெளிவரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போர்டின் தாமிரக் கோடுகளைத் தின்றுவிடும், சாக்கெட் வேர்வரை பச்சை பூத்துவிடும். அந்தச் சேதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவோடு 65 டாலரை ஒப்பிடுங்கள். பல ஆட்டக் கிட்டால் மதிப்பு குறையவும் வாய்ப்பு உண்டு, குறிப்பாகப் பட்டன் வைக்கக் கன்ட்ரோல் பேனலில் துளை போட்டிருந்தால். (விதிவிலக்கு இல்லாமல் இல்லை. விற்காமல் தேங்கிய ரேடார் ஸ்கோப் இயந்திரங்களை நின்டெண்டோ 1981இல் டாங்கி காங்காக மாற்றியது. அந்தச் சிவப்பு கேபினெட்டுகளுக்கு இன்று தனி மவுசு. ஆனால் அது நிறுவனமே செய்த மாற்றம்.) எதைப் போட்டாலும் கழற்றிய அசல் சிப்பை ஆன்ட்டி-ஸ்டாட்டிக் பையில் போட்டு கேபினெட்டின் உள்ளேயே ஒட்டி வையுங்கள்.

இந்தக் கிட்டை நீங்களே செய்ய முடியுமா? சால்டரிங் பழக்கம் இருந்தால் முடியும், தடுக்கவில்லை. 15 டாலரில் முடிந்துவிடும் என்று மட்டும் தொடங்காதீர்கள். பிசிபி ஒன்றே ஒன்று என்று அச்சிட்டுத் தர மாட்டார்கள், சிப்பைவிட அதன் தபால் செலவு அதிகமாக வரும்.

வாங்கினாலும் சரி, செய்தாலும் சரி, அதுவரை காத்திருக்க வேண்டாம். அந்த மூன்று பேட்டரியையும் இன்றைக்கே கழற்றுங்கள். ஹை ஸ்கோரும் மாற்றிவைத்த அமைப்புகளும் போகும், அவ்வளவுதான், ஆட்டம் ஓடும். ஹோல்டரின் முனைகளில் ஏற்கெனவே வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி இருந்தால் வினிகரை பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் ஸ்விட்சைப் போடுங்கள்.

அன்புடன்