கொல்லை மல்பெரியும் மகளின் ரத்தசோகையும்

கேள்வி: வில்லியனூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மல்பெரிச் செடி இருக்கிறது. சித்திரையில் கறுத்துத் தித்திக்கும் பழம், ஐப்பசி மழையில் வெளிறிப் புளிக்கிறது. நாத்தனார் வீட்டுச் செடியில் நீளமான வெள்ளைப் பழம். எதில் சத்து அதிகம்? என் 14 வயது மகளுக்கு ஹீமோகுளோபின் 10.2 என்று வந்திருக்கிறது. இந்தப் பழமே போதுமா, மாத்திரை வேண்டுமா, டாக்டர்?

பதில்: முதலில் மகளைப் பற்றி. அவள் வயதில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை. 10.2-ஐப் பழத்தால் மட்டும் சரிசெய்ய முடியாது அம்மா. 100 கிராம் மல்பெரியில் இரும்பு ஏறக்குறைய 1.8 மில்லிகிராம்தான். வளரும் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 மில்லிகிராம் தேவை. செடியிலிருந்து வரும் இரும்பில் உடல் ஏற்றுக்கொள்வதும் சிறு பங்குதான். மாத்திரையைத் தயங்காமல் கொடுங்கள். குடற்புழு இருக்கிறதா, மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி பழம். நீங்கள் கண்டது சரியே. செடி ஒன்றுதான், வெயில்தான் வேறு. மழைநாளில் காய் நிறைய நீரை இழுத்துக்கொள்கிறது. வெயில் குறைவதால் சர்க்கரையும் நிறமும் முழுதாக ஏறுவதில்லை. அந்தக் கருநிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமி, நம் நாவல் பழத்தில் இருப்பதைப் போன்றது. பழம் சிவப்பிலிருந்து கறுப்புக்குப் போகப் போக அது பெருகும், புளிப்பு குறையும். பழுத்தும் வெள்ளையாகவே இருக்கும் நாத்தனார் வீட்டுப் பழத்தில் அந்த நிறமி மிகக் குறைவு. அதற்காக அதைச் சத்தற்றது என்று ஒதுக்க வேண்டாம். நார்ச்சத்தும் பொட்டாசியமும் அதிலும் உண்டு. இரும்பின் அளவோ நிறத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. இனத்துக்கு இனம், மண்ணுக்கு மண் மாறும்.

உங்கள் மகளுக்கு இந்தப் பழத்தின் உண்மையான பயன் வைட்டமின் சி. 100 கிராமில் சுமார் 36 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு சாப்பிடும்போது கூடவே ஒரு கைப்பிடி கொடுத்தால், அவற்றின் இரும்பு உடலில் நன்றாகச் சேரும். பறித்த அன்றே கொடுங்கள். வைட்டமின் சி வைக்க வைக்கக் குறையும், உலர்த்தினால் பெரும்பகுதி போய்விடும். மழைக்காலத்தில் செடியை நம்பியிருக்க வேண்டாம். கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் இதைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. பால் வடியும் பச்சைக் காயை மட்டும் தின்ன விடாதீர்கள், வயிற்றைக் கெடுக்கும்.

மீன், ஈரல் சாப்பிடுகிற வீடென்றால் வாரம் இரண்டு முறையாவது சேருங்கள். அந்த இரும்பு எளிதில் சேரும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பின் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். ஒரு மாதத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள். அளவு 12-ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் சில மாதங்கள் ஆகும். எப்போது நிறுத்தலாம் என்பதை மருத்துவரே சொல்லட்டும்.